செடியின் சீட்டில் இருக்கும் எண்ணும் நம் மலையின் உறைபனியும்: ஒரு திறந்த மடல்

நீலகிரியில் செடி வளர்த்து விற்கும் நர்சரி உரிமையாளர்களுக்கும், தோட்டக்கலைத் துறை அதிகாரிகளுக்கும் வணக்கம்.

சில வருடங்களாக நம் ஊர் நர்சரிகளிலும், ஆன்லைனில் வாங்கும் நாற்றுகளிலும், விதைப் பாக்கெட்டுகளிலும் ஒரு எண் வந்து உட்கார்ந்திருக்கிறது. ‘ஜோன் 8 முதல் 10’, ‘எச்4’, ‘−5 டிகிரி வரை தாங்கும்’ என்று. வாங்குகிறவர்கள் முதலில் பார்ப்பது அந்த எண்ணைத்தான். ஊட்டியில் தோட்டம் போடுகிறவர்களுக்கு டிசம்பரும் ஜனவரியும் எப்படிப் போகும் என்ற கவலை எப்போதும் உண்டு. அதனால் அந்த எண்ணை நம்பிப் பணம் கொடுக்கிறோம்.

நான் கேட்பது ஒன்றுதான். வெளிநாட்டு எண்ணை மட்டும் சீட்டில் எழுதி விற்பதை நிறுத்துங்கள். இந்த மலையில் எந்த இடத்தில், எப்படிப்பட்ட பனியில் அந்தச் செடி பிழைத்தது என்பதையும் எழுதிக் கொடுங்கள். அதற்கு வேண்டிய வெப்பநிலைப் பதிவுகளைத் துறை எடுத்து எல்லோருக்கும் தெரியும்படி வைக்கட்டும். ஏன் கேட்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

‘ஜோன்’ என்பது அமெரிக்க வேளாண்மைத் துறை வரைந்த வரைபடத்திலிருந்து வருகிறது. 1960-ல் முதல் வரைபடம் வந்தது. 1990, 2012, 2023 ஆகிய ஆண்டுகளில் புதிதாகத் திருத்தி வெளியிட்டார்கள். அதில் மொத்தம் 13 மண்டலங்கள்; எண் குறையக் குறையக் குளிர் அதிகம். ஒரு ஊரில் ஒவ்வொரு ஆண்டும் மிகக் குளிர்ந்த இரவின் வெப்பநிலையை எடுத்து, பல ஆண்டுகளுக்குச் சராசரி போட்டு, அந்தச் சராசரி எந்தப் படியில் விழுகிறது என்று பார்ப்பார்கள். 2023 வரைபடத்துக்கு 1991 முதல் 2020 வரையிலான 30 ஆண்டுக் கணக்கை எடுத்தார்கள். ‘எச்’ என்று தொடங்குவது பிரிட்டனின் ராயல் ஹார்ட்டிகல்ச்சுரல் சொசைட்டி போட்ட அளவு. எச்1 என்றால் கண்ணாடிக் கூடாரத்தில் வளர்க்க வேண்டியவை, எச்4 என்றால் −5 முதல் −10 வரை தாங்குபவை, எச்7 என்றால் −20-க்கும் கீழே போனாலும் நிற்பவை. இரண்டுமே அவரவர் நாட்டுக்கு அக்கறையோடு செய்த நல்ல வேலைகள். அவற்றில் எனக்குக் குறை எதுவும் இல்லை.

ஆனால் அது சராசரி என்பதை மறக்கக் கூடாது. 30 ஆண்டுகளின் மிகக் குளிர்ந்த இரவுகளுக்குச் சராசரி என்றால், ஏறக்குறைய பாதி ஆண்டுகளில் அதைவிடக் குளிர்ந்த இரவு வந்திருக்கும். மேரிகோல்டு, பெட்டூனியா போல ஒரு பருவத்தோடு முடியும் செடிக்கு இது பெரிய விஷயமில்லை. 20 வருடம் நிற்க வேண்டும் என்று நட்டுவைக்கும் மரத்துக்கு, அந்த 20 வருடத்தின் மோசமான ஒரு இரவுதான் கணக்கு.

ஊட்டியை இந்த அளவில் வைத்துப் பார்த்தால் ஏறக்குறைய 10-வது மண்டலத்தில் வரும். அமெரிக்காவில் தெற்கு ஃபுளோரிடாவின் ஒரு பகுதியும் அதே 10-தான். அங்கே கோடை முழுக்க வியர்த்துக் கொட்டும், பகலில் 32 டிகிரியை ஒட்டி இருக்கும். இங்கே 2024 ஏப்ரல் கடைசியில் 29 டிகிரி அடித்ததே இதுவரை காணாத வெயில் என்று பேசப்பட்டது. மாவும் தென்னையும் செழிக்கிற இடமும், டெல்ஃபினியமும் ஃபியூஷியாவும் பூக்கிற இடமும் ஒரே எண்ணுக்குள் அடங்குகின்றன என்றால், அந்த எண் குளிர்ந்த ஒரு இரவைப் பற்றி மட்டும்தான் பேசுகிறது. அமெரிக்கத் தோட்டக்காரர்களுக்கே இது போதவில்லை. அதனால்தான் 1997-ல் அவர்களுடைய தோட்டக்கலைச் சங்கம் ஒன்று, 30 டிகிரியைத் தாண்டும் நாட்களை எண்ணித் தனியாக ஒரு வெப்ப வரைபடம் போட்டது. நம் சீட்டுகளில் அந்த இரண்டாவது எண் வருவதே இல்லை. ‘ஜோன் 4 முதல் 8’ என்று எழுதிய செடியை ‘நம்ம ஊர் 10, இது ஒத்துவராது’ என்று ஒதுக்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த மேல் எல்லை பெரும்பாலும் கோடை வெயிலுக்குப் பயந்து போட்டது. நம் கோடை அந்தச் செடிக்குச் சொர்க்கமாக இருக்கும்.

அடுத்ததுதான் முக்கியம் என்று நினைக்கிறேன். ஒரு செடி −10 தாங்கும் என்றால் எப்போது தாங்கும்? பிரிட்டனிலோ அமெரிக்காவிலோ செப்டம்பரிலிருந்தே பகல் சுருங்கும், குளிர் படிப்படியாக ஏறும். செடி அதைப் புரிந்துகொண்டு துளிர் விடுவதை நிறுத்தும், தண்டை முதிரவைக்கும், செல்களில் சர்க்கரையைச் சேர்க்கும். பல செடிகள் இலையை உதிர்த்துவிட்டு உறங்கிவிடும். −10 என்பது அப்படி உறங்கும் செடியின் எண். லண்டனில் டிசம்பர் பகல் 8 மணி நேரம்கூட வராது. ஊட்டியில் அதே நாளில் பதினொன்றரை மணி நேரத்தை ஒட்டி வெளிச்சம் இருக்கிறது. காலையில் புல் வெள்ளையாகக் கிடக்கும். பகல் பன்னிரண்டு மணிக்கு 20 டிகிரி வெயிலில் சட்டையைக் கழற்றிவிட்டுக் களை எடுப்பார்கள். செடிக்கு உறங்கச் சொல்லி எந்தச் சேதியும் போவதில்லை. அது பாட்டுக்கு இளந்துளிர் விட்டுக்கொண்டே இருக்கும். அந்தத் துளிர் மீது −1 விழுந்தால் போதும், கருகிவிடும். ஆக, அங்கே −10 தாங்கியது இங்கே −1-க்கே அடிபடுகிறது. சீட்டில் இருப்பது பொய்யில்லை. ஆனால் அந்தச் செடி எந்த நிலையில் இருக்கும்போது எடுத்த எண்ணோ, அந்த நிலைக்கு நம் தோட்டத்தில் அது போவதே இல்லை.

இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். உறைபனி விழும் இரவு எப்படி இருக்கும் என்று இந்த மலையில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மேகம் இருக்காது, காற்று அசையாது, நட்சத்திரம் பளிச்சென்று தெரியும். நிலத்தின் சூடு வானத்துக்குப் போய்விடும். குளிர்ந்த காற்று கனமானது, தண்ணீரைப் போலச் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். மேலே போகப் போகக் குளிரும் என்ற வழக்கமான கணக்கு அந்த இரவில் தலைகீழாகிவிடும். அதனால்தான் தலைகுந்தா, காந்தல், குதிரைப் பந்தய மைதானம், அவலாஞ்சி என்று ஒவ்வொரு வருடமும் அதே பள்ளங்களின் படம் பேப்பரில் வருகிறது. அதே இரவில் மேட்டிலிருக்கும் தேயிலை பச்சையாக நிற்கும். குன்னூரிலும் கோத்தகிரியிலும் ஊட்டியைப் போல உறைபனி விழுவதில்லை. நீலகிரி முழுவதற்கும் ஒரே எண் என்பது அதனால்தான் உதவாது. ஊட்டிக்கு மட்டும் ஒரு எண் என்றாலும் போதாது.

என் நிலம் காந்தலைத் தாண்டி ஒரு சரிவில், படிப்படியாக வெட்டிய பாத்திகளில் இருக்கிறது. ஒரு நர்சரியில் ஹாஸ் ரக வெண்ணெய்ப்பழ ஒட்டுக்கன்று இரண்டு வாங்கினேன். ‘−4 வரை தாங்கும்’ என்று சீட்டு. ஒன்றை மேல் பாத்தியிலும் ஒன்றைக் கீழே ஓடையை ஒட்டிய பாத்தியிலும் நட்டேன். ஜனவரியில் ஒரு காலை, வராந்தாச் சுவரில் மாட்டியிருந்த வெப்பமானி 3 டிகிரி காட்டியது. கீழ்ப் பாத்தியில் புல் நொறுங்கியது. அங்கே இருந்த கன்றின் இலைகள் கரும்பச்சையாகி, ஈரம் கோத்துத் தொங்கின. ஒரு வாரத்தில் காய்ந்து பழுப்பானது. நகத்தால் பட்டையைச் சுரண்டிப் பார்த்தேன். ஒட்டுக்கு மேலே உள்ளே பழுப்பு, ஒட்டுக்குக் கீழே பச்சை. மார்ச்சில் அடியிலிருந்து துளிர் வந்தது. விற்றவரிடம் சொன்னபோது, “செடி துளிர்த்திருக்கே, உயிரோடதானே இருக்கு” என்றார். துளிர்த்தது ஒட்டுக்கு அடியில் இருக்கும் வேர்ச்செடி. நான் காசு கொடுத்து வாங்கிய ஹாஸ் போய்விட்டது. மேல் பாத்திக் கன்றுக்கு நுனி இலைகூடக் கருகவில்லை. இரண்டுக்கும் நடுவில் ஆள் உயரம் மூன்று இருக்கும், அவ்வளவுதான்.

சுவரில் 3 டிகிரி, தரையில் உறைபனி என்பது புதிர் இல்லை. வானிலை நிலையங்களில் வெப்பமானியை இடுப்பு உயரத்துக்கு மேலே, நிழல் பெட்டிக்குள் வைப்பார்கள். தெளிந்த இரவில் புல் மட்டத்தில் அதைவிடப் பல டிகிரி குறைவாக இருக்கும். மண்டல எண்கள் எல்லாம் பெட்டிக்குள் எடுத்த கணக்கிலிருந்து வருகின்றன. நாம் நடும் கன்று வாழ்வது புல் மட்டத்தில். அதே மரம் வளர்ந்து தலைக்கு மேலே போன பிறகு அதன் கிளைகளுக்குக் கிடைப்பது வேறு இரவு. சீட்டில் இருக்கும் எண் பெரும்பாலும் வேரூன்றி முதிர்ந்த செடிக்கு என்பதையும் யாரும் சொல்லி விற்பதில்லை.

வெண்ணெய்ப்பழத்தையே இன்னும் கொஞ்சம் பார்ப்போம், இப்போது மலை முழுக்க நடுவதால். மெக்சிகோ மலைப்பகுதி வகை −5, −6 வரைகூடத் தாக்குப்பிடிக்கும். மேற்கிந்திய வகை −1, −2-லேயே அடிபடும். குவாத்தமாலா வகை நடுவில். ஹாஸ் குவாத்தமாலா, மெக்சிகோ வகைகளின் கலப்பு. நம் ஊரில் விதைபோட்டு எழுப்பிய கன்றுகளில் எந்தக் கலப்பு என்று சொல்லவே முடியாது. அவற்றுக்கும் அதே எண்ணைப் போட்டால் என்ன அர்த்தம்? பழனி மலையின் கீழ்ப்பகுதியில் தடியன்குடிசையில் தேர்ந்தெடுத்த டி.கே.டி.1 ரகத்தை ஊட்டிக்குக் கொண்டுவரும்போதும், அது ஊட்டியைவிட வெகு கீழே இருக்கும் இடத்தில் தேர்வான ரகம் என்பதை வாங்குகிறவரிடம் சொல்ல வேண்டும். இனத்தின் பெயர் ஒன்றாக இருந்தாலும் எங்கிருந்து வந்த விதை என்பதைப் பொறுத்துத் தாங்கும் திறன் மாறும். காட்டுப் பூவரசு என்று நாம் சொல்லும் ரோடோடென்ட்ரான் இதற்கு நல்ல சாட்சி. இமயத்திலும் அதே இனம், நீலகிரியில் அதன் கிளையினம். இமயத்திலேயே உயரமான இடத்தில் எடுத்த விதைகள் குளிரை நன்றாகத் தாங்கும், தாழ்ந்த இடத்தில் எடுத்தவை தாங்காது என்பது அதை வளர்ப்பவர்களுக்குப் பழக்கமான செய்தி.

காட்டுப் பூவரசை இன்னொரு காரணத்துக்காகவும் சொல்கிறேன். அவலாஞ்சி, அப்பர் பவானி பக்கம் போனால் சோலைக் காடுகள் மலை மடிப்புகளுக்குள் இருக்கும், வெளியே புல்வெளி விரிந்திருக்கும். சோலையின் நிழலில் முளைக்கும் கன்று, திறந்த புல்வெளியில் முளைத்தால் உறைபனியில் பிழைப்பது கடினம். புல்வெளியில் அங்கங்கே தனியாக நிற்பது காட்டுப் பூவரசுதான். வெளியிலிருந்து வந்த சீகை (வாட்டில்) மரமும் அந்தப் பனியைத் தாங்கிப் பரவிவிட்டது. எந்தச் செடி இங்கே பிழைக்கும் என்ற கணக்கு இந்த மலையில் ஏற்கனவே போடப்பட்டுக் கிடக்கிறது. பார்த்து எழுதத்தான் ஆள் இல்லை.

மழையை இந்த எண்கள் கண்டுகொள்வதே இல்லை. லாவெண்டர் ஒரு உதாரணம். ஆங்கில லாவெண்டருக்கு எச்5, அதாவது −10-ஐயும் தாண்டித் தாங்கும். இங்கே எந்தப் பனியும் அதை ஒன்றும் செய்யாது. ஆனால் ஜூன் மாதம் பிடித்த சாரல் விடாமல் இரண்டு மாதம் அடித்தால், வேர் அழுகிப் போய்விடும். அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 82 செ.மீ. பெய்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அவ்வளவு வேண்டாம், சாதாரண வருடத்து ஆடியே லாவெண்டருக்கு அதிகம். நல்ல சரிவில், மணலும் சரளையும் கலந்து மேடு கட்டி நட்டவர்களிடம் மட்டும் அது நிற்கிறது. இதை ஊட்டியில் லாவெண்டர் விற்கிற ஒவ்வொருவரும் அறிவார்கள். சீட்டில் மட்டும் இருக்காது.

இவ்வளவு சொல்வதால் அந்த எண்களைத் தூக்கிப் போடச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். ‘தாங்காது’ என்று சொல்லும்போது அதைப் பெரும்பாலும் நம்பலாம். 5 டிகிரிக்குக் கீழே போனால் போய்விடும் என்று போட்ட குரோட்டன்ஸை ஊட்டிப் பள்ளத்தில் வெளியே வைத்தால் போகத்தான் செய்யும். ‘தாங்கும்’ என்று சொல்லும்போதுதான் விசாரிக்க வேண்டும். அப்புறம், தாங்குவது வேறு, பூப்பது வேறு. ஹைட்ரேஞ்சியா செடி சாகாது, ஆனால் பழைய தண்டில் உறங்கும் மொட்டு பனியில் போனால் அந்த வருடம் பூ இருக்காது. செடி பிழைத்ததை வைத்து எண் சரி என்பார்கள், வாங்கியவருக்கோ பூ வேண்டும்.

இன்னொன்று, அந்த நாடுகளிலும் பெரும்பாலான செடிகளுக்கு எண் கிடைத்தது ஆய்வகத்தில் குளிரூட்டிப் பார்த்து அல்ல. தோட்டங்களிலும் நர்சரிகளிலும் எது பிழைத்தது, எது செத்தது என்று பல வருடம் பார்த்தவர்கள் சொன்னதைத் தொகுத்துக் கொடுத்தார்கள். அதை நாமும் செய்யலாம். நம்மிடம் அறிவு இல்லாமல் இல்லை. அரசு தாவரவியல் பூங்கா 1848-லிருந்து இருக்கிறது. பனிக்காலத்தில் மலர் நாற்றுகளைக் கோத்தகிரி மலார் என்னும் செடியைப் போட்டு மூடுவதும், வெயில் ஏறும் முன் தண்ணீர் தெளிப்பதும் அங்கே வழக்கம். எந்தப் பாத்தியில் முதலில் பனி விழும், எந்தச் செடியை மூடத் தேவையில்லை என்று அங்குள்ள தோட்டப் பணியாளர்களுக்கு அத்துப்படி. தேயிலைக்காரர்கள் தாகைச் செடியை வெட்டிப் போட்டு மூடுகிறார்கள். நீர்போகத்தில், அதாவது பாசனப் பருவத்தில், உருளைக்கிழங்கு போடுகிறவர்கள், எந்த ஓடையோர நிலத்தில் ஜனவரியில் நடக் கூடாது, எங்கே பிப்ரவரி வரை பொறுக்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். கீழ்ப் பாத்தியில் கன்று வைத்தபோது என் பக்கத்து நிலத்துப் பெரியவர், “அங்க பனி தங்கும்மா, மேல வைங்க” என்றார். எந்தச் சீட்டிலும் இல்லாத தகவல் அது. அவர்களெல்லாம் ஓய்வு பெற்றுப் போகும்போது அந்தக் கணக்கும் கூடவே போகிறது.

நர்சரிக்காரர்களிடம் என் வேண்டுகோள்: சீட்டில் இரண்டு வரி சேர்த்து எழுதுங்கள். ‘ஊட்டி, மேட்டு நிலத்தில் மூன்று பனிக்காலம் மூடாமல் நின்றது, பள்ளத்தில் நுனி கருகும், அடியிலிருந்து துளிர்க்கும்’ என்று ஒரு செடிக்கு எழுதினால் அது எந்த மண்டல எண்ணையும் விடப் பெரிது. தெரியாத செடிக்கு ‘இங்கே இன்னும் பனிக்காலம் பார்க்கவில்லை’ என்று எழுதுங்கள். வாங்குகிறவர்கள் குறைய மாட்டார்கள், நம்பி வருவார்கள். ஒட்டுக்கன்றுக்கு வேர்ச்செடி எது என்றும் சொல்லுங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்தோ பெங்களூரிலிருந்தோ வந்த கன்றையும், பாலிஹவுஸிலிருந்து நேற்று வெளியே எடுத்த கன்றையும் நவம்பரிலும் டிசம்பரிலும் ‘அப்படியே நடலாம்’ என்று கொடுக்காதீர்கள். வெளியில் சில வாரம் பழக்கிய பிறகு கொடுங்கள், முடிந்தால் பனி முடிந்து மார்ச்சில் நடச் சொல்லுங்கள். கீழ்ப்பக்கம் முழுச் சுவர் எழுப்பிய தோட்டத்தில் குளிர்காற்று வெளியேற வழியில்லாமல் தேங்கும் என்பதையும், சுவரில் ஒரு திறப்பு விட்டால் சேதம் குறையும் என்பதையும் புதிதாக வீடு கட்டி வருகிறவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

தோட்டக்கலைத் துறையிடம் கேட்பது: ஊட்டி, குந்தா, குன்னூர், கோத்தகிரி வட்டாரங்களில் பள்ளம் ஒன்று, சரிவு ஒன்று, மேடு ஒன்று என்று தேர்ந்தெடுத்து, புல் மட்டத்தில் குறைந்தபட்ச வெப்பமானி வையுங்கள். விலை அதிகமில்லை, தினமும் காலையில் ஒரு முறை பார்த்து எழுதினால் போதும். முத்தோரையில் உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, வெலிங்டனில் கோதுமை நிலையம், சாண்டிநல்லாவில் ஆட்டுப் பண்ணை, ஊட்டியிலேயே தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம். இவற்றின் பதிவுகளும் பூங்காவின் அனுபவமும் ஒரே இடத்தில் தமிழில், கிராமம் கிராமமாக மக்கள் பார்க்கும்படி வர வேண்டும். மானியத்தில் கன்று கொடுக்கும்போது நிலம் பள்ளமா மேடா என்று விண்ணப்பத்தில் ஒரு கேள்வி சேருங்கள். ஒவ்வொரு பிப்ரவரி கடைசியிலும் எது கருகியது, எது நின்றது, எந்த வயதுச் செடி, மூடியதா இல்லையா என்று விவசாயிகளிடமும் வீட்டுத்தோட்டக்காரர்களிடமும் கேட்டு எழுதுங்கள். ஒரு வருடத்தில் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. ஐந்தாறு பனிக்காலம் சேர்ந்தால் இந்த மலைக்கென்று ஒரு பட்டியல் கையில் இருக்கும்.

வேலை முழுவதையும் உங்கள் தலையில் போட்டுவிட்டு ஒதுங்க மாட்டோம். என் நிலத்தின் மேல் பாத்தியிலும் கீழ்ப் பாத்தியிலும் வெப்பமானி வைக்க இடம் தருகிறேன், தினமும் விடியும் முன் நானே பார்த்து எழுதுகிறேன். என் தெருவில் இன்னும் சிலர் தயாராக இருக்கிறார்கள். இந்த நவம்பருக்குள் படிவமும் வெப்பமானியும் கொடுத்தால் வரும் பனிக்காலத்திலேயே தொடங்கிவிடலாம்.

இப்படிக்கு,
ஊட்டியில் தோட்டம் வைத்திருக்கும் ஒரு பெண்